ஆட்டுக் குடற்புழு: மருந்தா, பரணா, வேலி பிரித்து மேய்ப்பதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா, குளுவாங் போன்ற தோட்டப்பட்டணங்களில் நாலைந்து ஆடுகளோடு தொடங்கி இருபது, முப்பதுக்கு வந்து நிற்பவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் தவறாமல் பூச்சி மருந்து ஊற்றுகிறார்கள்; மழை பிடித்ததும் குட்டிகள் வெளுத்துச் சாகின்றன. இனி மருந்தை மாற்றுவதா, தரைக்கு மேலே பலகை அடித்த பரண் கொட்டகை போட்டுப் புல் அறுத்துப் போடுவதா, வேலி பிரித்து மேய்ப்பதா? ஒவ்வொரு வழியிலும் பணமும் உழைப்பும் வேறு இடத்தில் கரையும். வேலைக்குப் போய்வந்து மிச்ச நேரத்தில் ஆடு பார்ப்பவரால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

## முதலில் புழுவின் கணக்கு

ஆட்டின் வயிற்றில் பல வகை உருண்டைப் புழுக்கள் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் அதிகம் கொல்வது ஹீமோன்கஸ். நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். செத்த ஆட்டின் அந்த இரைப்பையைக் கிழித்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும்: இரண்டு மூன்று செ.மீ. நீளம், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி. சிவப்பு, புழுவின் குடலில் உள்ள ஆட்டு ரத்தம். வெள்ளை, முட்டை நிறைந்த கருப்பை.

ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் எடுக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. முப்பது கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தம் இருப்பதே இரண்டு லிட்டர் சொச்சம். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குவது, நாலடி நடந்தாலே மூச்சு வாங்குவது, பிறகு ஒரு நாள் காலையில் விழுந்து கிடப்பது எல்லாம் இந்தக் கணக்கின் விளைவு. கழிச்சல் இல்லாமலேயே ஆடு சாகும் என்பதால் பலர் புழுவைச் சந்தேகிப்பதே இல்லை.

ஒரு பெண் புழு நாளைக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். அவை புழுக்கையோடு தரைக்கு வந்து, நம் வெப்பத்திலும் ஈரத்திலும் நான்கு முதல் ஏழு நாளில் தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். ஈரப் புல்லில் ஏறி நின்று, ஆடு மேயும்போது உள்ளே போய், மூன்று வாரத்தில் தானே முட்டையிடத் தொடங்கும். ஆக மாதத்துக்கு ஒரு தலைமுறை. பேராக்கில் புழு ஓயும் அளவுக்கு நீண்ட வறட்சி வருவதில்லை.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. தொற்றும் பருவத்துக்கு வந்த இளம்புழுவால் தின்ன முடியாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் பிழைக்கும். வெப்பம் கூடினால் அது சீக்கிரம் தீரும். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் பிழைத்திருப்பது, இங்கே ஐந்தாறு வாரத்தில் பெரும்பாலும் செத்துப்போகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ள மேய்ச்சல் அட்டவணையை அப்படியே இங்கே எடுத்தால் ஒத்துவராததற்குக் காரணம் இதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், இன்று வேலை செய்யும் மருந்து மூன்று வருடம் கழித்தும் வேலை செய்யுமா என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதை மேலே வைக்கிறோம். மருந்து போனால் திரும்ப வராது. கடையில் உள்ள மருந்துக் குடும்பங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, சபாவின் அரசு இனவிருத்திப் பண்ணைகளில் ஆடுகளுக்குக் கொடுத்த மருந்துகள் ஒன்றுகூடப் புழுவைக் கட்டுப்படுத்தாத நிலையைப் பதிவு செய்தது. தீபகற்பத்திலும் மருந்து தோற்ற பண்ணைகள் உண்டு.

அடுத்தது தினசரி வேலை நேரம். மூன்றாவது, உங்கள் கையில் உள்ள நிலமும் அதன் மேல் உங்களுக்குள்ள உரிமையும். தோட்டத்து நிலத்தில் மேய்ப்பவர் வேலி போட முடியாது. நான்காவது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளும் ஈன்ற தாய் ஆடுகளும் எவ்வளவு தப்பும் என்பது. முதல் செலவைக் கடைசியில் பார்த்தால் போதும்.

## வழி 1: மாதா மாதம் எல்லா ஆட்டுக்கும் மருந்து

பெரும்பாலோர் செய்வது இதுதான். வேலை குறைவு, வேலி வேண்டாம், மருந்து விலையும் தாங்கக்கூடியது. முதல் ஒன்றிரண்டு வருடம் ஆடு பளபளவென்று இருக்கும்.

கெடுவது எப்படி? எல்லா ஆட்டுக்கும் கொடுக்கும்போது, மருந்தைத் தாங்கும் புழு மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த மாதம் புல்லில் இருப்பது முழுக்க அதன் வாரிசு. வருடத்துக்குப் பன்னிரண்டு தலைமுறை என்றால் பன்னிரண்டு முறை நாமே பொறுக்கி எடுத்துத் தருகிறோம். மருந்து ஊற்றிய கையோடு மந்தையைப் புதுப் புல்லுக்கு மாற்றினால் இன்னும் வேகமாகக் கெடும். அங்கே போய்ச் சேருவது தாங்கும் புழுவின் முட்டை மட்டுமே.

இதோடு சேரும் தவறுகள்:

அளவு குறைவு. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மி.கி. என்றுள்ள அல்பெண்டசோல் வெள்ளாட்டுக்கு 10 மி.கி. வேண்டும். ஐவர்மெக்டின் வாய்வழி மருந்தும் இரண்டு மடங்கு: 0.2-க்குப் பதில் 0.4 மி.கி. லெவமிசோலை மட்டும் இரட்டிப்பாக்கக் கூடாது. வெள்ளாட்டுக்கு 12 மி.கி. என்பதோடு நிறுத்த வேண்டும். மீறினால் வாயில் நுரை தள்ளி, நடுங்கி விழும். இவை குப்பியில் எழுதாத அளவுகள் என்பதால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்த பின்பே கொடுங்கள்.

கண் மதிப்பு எடை. தராசு இல்லாவிட்டால் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் செ.மீ.-இல். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840. சுற்றளவு 70, நீளம் 65 என்றால் 29 கிலோ சொச்சம். 30 என்று வையுங்கள். 2.5 சதவீத அல்பெண்டசோலில் ஒரு மி.லி.-க்கு 25 மி.கி. இருக்கும், 30 கிலோவுக்கு 300 மி.கி., அதாவது 12 மி.லி. கலங்கல் மருந்து அடியில் தங்கும், ஒவ்வொரு ஆட்டுக்கும் முன் குலுக்குங்கள். சிரிஞ்சின் மூக்கைக் கடைவாய் வழியாக நாக்கின் பின்புறம் வரை விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். வாய் நுனியில் ஊற்றினால் மருந்து முதல் இரைப்பையைத் தாண்டி ஓடிவிடும், அது வேலை செய்யும் நேரம் குறையும்.

பெயர் மாற்றி ஏமாறுவது. அல்பெண்டசோல் போய் ஃபென்பெண்டசோல் வாங்கினால் குப்பிதான் மாறியது, குடும்பம் மாறவில்லை. ஐவர்மெக்டினும் மாக்சிடெக்டினும் ஒரே குடும்பம். லெவமிசோல் தனி. குளோசான்டல் தனி, ரத்தம் குடிக்கும் புழுவுக்கு நல்லது, ஆனால் அளவு மீறினால் ஆட்டுக்குக் கண்பார்வை போகும். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது.

இந்த வழி பொருந்தும் இடம் ஒன்றுதான் உண்டு: வெளியிலிருந்து வாங்கிவந்த புது ஆடு. அதைத் தனியே கட்டி, இரண்டு குடும்ப மருந்தை ஒரே நாளில் அவற்றின் முழு அளவில் கொடுத்து, பத்துப் பதினான்கு நாள் கழித்துப் புழுக்கை பரிசோதித்துவிட்டு மந்தையில் சேருங்கள். அடுத்தவர் பட்டியின் மருந்து தாங்கும் புழுவை விலை கொடுத்து வாங்காமல் இருக்க வேறு வழி இல்லை.

## வழி 2: கண் இமை பார்த்துத் தேவையான ஆட்டுக்கு மட்டும்

ஒரு மந்தையின் புழுவில் ஏறக்குறைய எண்பது சதவீதம் இருபது முப்பது சதவீத ஆடுகளிடம்தான் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும். மற்ற ஆடுகளிடம் மருந்து படாத புழு கொஞ்சம் மிஞ்சி, தாங்கும் புழுவோடு கலந்து அதன் வீரியத்தை நீர்க்கச் செய்யும். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உருவான ஃபமாச்சா அட்டை இதற்குத்தான். கீழ் இமையின் உட்புற நிறத்தை 1 (நல்ல சிவப்பு) முதல் 5 (வெள்ளை) வரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை: வெயில் வெளிச்சத்தில், கொட்டகை நிழலுக்கு வெளியே. ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி லேசாக அழுத்துங்கள்; மறு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள்; உட்புறச் சதை பிதுங்கி வரும். அந்த நொடியிலேயே நிறத்தை முடிவு செய்யுங்கள். விரித்துப் பிடித்திருந்தால் ரத்தம் பாய்ந்து பொய்ச் சிவப்பு காட்டும். கண் மூலையில் உள்ள மூன்றாம் இமையைப் பார்க்க வேண்டாம். இரண்டு கண்ணும் வேறுபட்டால் வெளுத்த கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

4, 5 என்றால் கட்டாயம் மருந்து. குட்டி, நிறைசினை, ஈன்று இரண்டு மாதத்துக்குள் உள்ள ஆடு என்றால் 3-லேயே கொடுங்கள். ஈற்றை ஒட்டித் தாயின் எதிர்ப்புச் சக்தி இறங்கும், முட்டை கொட்டும். 5-இல் உள்ள ஆட்டைத் துரத்திப் பிடிக்காதீர்கள், ஓடவிட்டாலே செத்துவிடும். இருந்த இடத்தில் மருந்து கொடுத்து, கொட்டகையிலேயே வைத்து நல்ல புரதத் தீனி போடுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மற்ற நாளில் மாதம் ஒரு தடவை. கை பழகியவர் இருபது ஆட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். காது எண்ணும் இமை எண்ணும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை மருந்து கேட்கும் பெட்டையைக் கழித்துவிடுங்கள். அதன் குட்டிகளும் அப்படித்தான் வர வாய்ப்பு அதிகம்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, ஒரு சுற்று தவறினால் குட்டி போய்விடும். 2-இல் இருந்த குட்டி மூன்று வாரத்தில் 5-க்கு இறங்கும். இரண்டாவது, வெளுப்புக்குப் புழு மட்டுமே காரணம் இல்லை. கல்லீரல் தட்டைப்புழு, உண்ணி வழி வரும் ரத்த ஒட்டுண்ணி, ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய் எல்லாமும் வெளுக்க வைக்கும். மாறாக, சிறுகுடலில் இருக்கும் டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் ஆட்டைக் கழிய வைத்து மெலிய வைக்குமே தவிர இமையை வெளுக்காது. அதனால் வாலடி நனைந்திருக்கிறதா, முதுகெலும்பு துருத்துகிறதா, தாடை தொங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று: கொசுவுக்காகக் கொட்டகையில் புகை மூட்டம் போடுபவர்கள் அந்தக் காலையில் இமை பார்க்க வேண்டாம். புகை பட்ட கண் வெளுத்த ஆட்டையும் சிவப்பாகக் காட்டும்.

## வழி 3: பரண் கொட்டகை, அறுத்த புல்

ஆடு தரையை மிதிக்காமல் புழுக்கை கீழே விழுந்துவிட்டால் புழுவின் சுற்று அறுந்துபோகும். நான்கு வழிகளில் குட்டி அதிகம் தப்புவது இதில்தான். மருந்தும் மிகக் குறைவாகத் தேவைப்படும்: பரணில் ஏற்றும்போது ஒரு தடவை, அதன்பின் புழுக்கைச் சோதனை கேட்டால் மட்டும்.

தரை மட்டத்திலிருந்து பரண் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கீழே புகுந்து புழுக்கை வாரவே சிரமமாகி, வாராமல் விட்டுவிடுவோம். பலகை இடைவெளி 1.5 செ.மீ. அதைவிட அகலமானால் குட்டியின் கால் மாட்டும். குறைந்தால் புழுக்கை அடைத்து ஈரம் தங்கும். தீனித் தொட்டியும் தண்ணீரும் வெளிப்புறம் இருக்கட்டும், ஆடு தலையை மட்டும் நீட்டித் தின்னட்டும்.

வேலைக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஆடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைத் தீனி தின்னும். முப்பது கிலோ ஆடு இருபது என்றால் நாளைக்கு 60 கிலோ. ஒதுக்கித் தள்ளுவதையும் சேர்த்து 75, 80 கிலோ கொண்டுவர வேண்டும். தீபாவளி, காய்ச்சல், அடை மழை எந்த நாளும் விடுமுறை கிடையாது. பரண் போட்டவர்கள் கைவிடுவது மரச் செலவால் இல்லை, இந்த 80 கிலோவால்தான்.

பரண் போட்டும் புழு வந்தது என்றால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. கீழே வாரிய பச்சைப் புழுக்கையை நேப்பியர் புல்லுக்கே உரமாகக் கொட்டி, அதே புல்லை அறுத்துப் போடுவது. குவித்து மூடி, சூடேறி மக்கிய பிறகே போட வேண்டும். அடுத்து, யாரோ ஆடு மேய்க்கும் இடத்தில் விடியற்காலையில் அடியோடு புல் அறுப்பது. பனி காய்ந்தபின், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். மூன்றாவது, மாலையில் "கொஞ்ச நேரம் காலாற" என்று வீட்டுப் பக்கம் அவிழ்த்துவிடுவது. தினமும் அந்த அரை மணி நேரம் போதும், எல்லாம் வீண்.

பரணுக்கே உரிய தொல்லையும் உண்டு. நெருக்கத்தில் குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். அது காக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி, புழு இல்லை, புழு மருந்துக்குக் கேட்காது. மூன்று வார வயதிலிருந்து கவனியுங்கள். பலகையை உலர்வாக வைப்பதுதான் முதல் தடுப்பு.

செம்பனைக்குள் அறுக்கும் அசிஸ்டாசியா என்ற களைச்செடி ஆட்டுக்கு உயிர். ஆனால் எந்த பீல்டில் களைக்கொல்லி அடித்தார்கள் என்று மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளர்) கேட்காமல் அரிவாளை வைக்காதீர்கள். அடித்த இரண்டு மூன்று நாள் வரை செடி பச்சையாகத்தான் நிற்கும்.

## வழி 4: வேலி பிரித்துச் சுழற்சி மேய்ச்சல்

இளம்புழு ஐந்தாறு வாரத்தில் சாகிறது என்ற கணக்கின் மேல் நிற்கும் வழி. பசிபிக் ஈரத் தீவுகளில் ஆட்டில் சோதித்து, 1994-ல் வெளியான அமைப்பு: பத்துப் பிரிவு, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள், 35 நாளில் ஒரு சுற்று. முட்டை இளம்புழு ஆவதற்குள் ஆடு வெளியேறிவிடும். திரும்பி வரும்போது பெரும்பாலும் செத்திருக்கும். முதிர்ந்த செம்பனை நிழலில் புல் மதியம் வரை காயாது என்பதால் அங்கே 40 நாளாவது விடுங்கள்.

நாலு பிரிவு போட்டு வாரம் ஒன்று என்று சுற்றுபவர்கள் பலர். ஐந்தாம் நாளிலிருந்து ஆடு தன் புழுவையே தின்கிறது. 21 நாளில் திரும்பி வந்து மிச்சத்தையும் தின்கிறது. வேலிச் செலவும் போய், பலனும் இல்லாத வழி அது. பத்துப் பிரிவுக்கு இடம் இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம்.

இருபது ஆட்டுக்கு ஒரு பிரிவு மூன்றரை நாளைக்கு 210 கிலோ தின்னக் கொடுக்க வேண்டும். மிதிபடுவதைச் சேர்த்தால் 300 கிலோ புல் நிற்க வேண்டும். நிழலில் அவ்வளவு விளைய அகலமான பிரிவு தேவை. சோலார் மின்வேலிக் கம்பியில் புல் ஏறினால் மின்சாரம் இறங்கும், ஆடு உடனே கண்டுபிடித்துவிடும். வாரம் ஒரு முறை கம்பி அடியை வெட்டியாக வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் போகும் பாதையும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக இருந்தால் புழு அங்கேயே குடியிருக்கும்.

மாடும் இருந்தால் நல்லது. ஆட்டுப் புழுவில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றில் தங்காது. ஆடு போன பிரிவில் மாட்டை விட்டால் அது புல்லோடு இளம்புழுவையும் தின்று தீர்க்கும்.

## ஒரே பார்வையில்

| | மாதா மாதம் மருந்து | இமை பார்த்து மருந்து | பரண் | சுழற்சி |
|---|---|---|---|---|
| மருந்தின் ஆயுள் | வேகமாகக் குறையும் | நீளும் | நன்றாக நீளும் | நீளும் |
| வேலை | மிகக் குறைவு | இரு வாரத்துக்கு அரை மணி | தினமும், தவறாமல் | வேலி பராமரிப்பு, இடமாற்றம் |
| நிலம் | எதுவானாலும் | எதுவானாலும் | புல் நட இடம் | சொந்த நிலம், பத்துப் பிரிவு |
| குட்டி தப்புவது | போகப் போகக் குறையும் | கவனத்தைப் பொறுத்தது | மிக நன்று | நன்று |
| மறைந்த விலை | மருந்தே தோற்பது | ஒரு சுற்று தவறினால் சாவு | காக்சிடியா, ஆள் கூலி | பிரிவு குறைந்தால் வீண் |

## வேப்பிலை, துருசு

வேப்பிலையும் மரவள்ளி இலையும் நல்ல தழைத் தீனி. மரவள்ளியை வாட்டிப் போட வேண்டும். புரதம் கூடினால் ஆடு புழுவைத் தாங்கும், அதுவரை உண்மை. வெளுத்துப்போன ஆட்டுக்கு வேப்பிலை கொடுத்துக் காத்திருப்பது ஆட்டை இழப்பதற்குத்தான்.

பழைய முறையில் துருசு கரைத்து ஊற்றுவதை நிறுத்துங்கள். துருசு என்பது தாமிரம். நாம் தீனியாகப் போடும் செம்பனை விதைப் புண்ணாக்கிலும் தாமிரம் அதிகம். இரண்டும் சேர்ந்தால் ஈரலில் தேங்கி, ஒரு நாள் சிறுநீர் கறுத்து ஆடு சாகும். செம்மறி வெள்ளாட்டைவிட இதில் மிகவும் பலவீனம். செம்மறிக்குப் புண்ணாக்கு மட்டுமே கூட ஆபத்து.

## யாருக்கு எது

லயத்து வீட்டுப் பின்புறம் பத்துப் பன்னிரண்டு ஆடு, வீட்டில் புல் அறுக்க இரண்டு கை என்றால் பரண். யோசிக்கவே வேண்டாம். சொந்தமாக ஓரிரு ஏக்கர் திறந்த நிலம் இருந்து, பத்துப் பிரிவும் போட முடிந்தால் சுழற்சி; அதோடு இமை பார்ப்பதும் சேர வேண்டும். தோட்டத்து அனுமதியோடு செம்பனைக்குள் ஓட்டிப் போகிறவருக்கு இமை பார்க்கும் வழி ஒன்றே உண்டு. கூடவே புல் காயும் முன் பட்டியைத் திறக்காமல் இருந்தால் கஷ்டம் குறையும்.

ஆள் பற்றாதவருக்கு நாங்கள் சொல்வது ஒரு பாதி வழி: எல்லா ஆட்டுக்கும் பரண் வேண்டாம். ஈன்ற தாயையும் குட்டிகளையும் மட்டும் ஆறு மாதம் வரை பரணில் வையுங்கள், மற்றவை மேயட்டும். அறுக்கும் புல் மூன்றில் ஒன்றாகக் குறையும். சாவது பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான் என்பதால் கிடைக்கும் பலன் அதிகம்.

வளர்ந்த மாடு இந்தப் புழுக்களைத் தானே சமாளிக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட கன்றுக்குத்தான் கவனம் வேண்டும். தாய்ப்பால் வழி வரும் பெரிய உருண்டைப் புழு தனிக்கதை. அதற்குக் கன்று பிறந்து மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை மருந்து.

## எந்த வழிக்கும் முன், கையில் உள்ள மருந்தைச் சோதியுங்கள்

பத்து ஆட்டின் புழுக்கையை மலக்குடலிலிருந்து நேரடியாக எடுத்து, தனித்தனிப் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே மாவட்டக் கால்நடை இலாகாவில் கொடுங்கள். அதே நாளில் எடை போட்டு ஒரே மருந்தைச் சரியான அளவில் ஊற்றுங்கள். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதத்துக்குக் குறைவாக இறங்கியிருந்தால் உங்கள் பட்டியில் அந்த மருந்துக் குடும்பம் தளர்ந்துவிட்டது. உதாரணமாக, சராசரி 1,200-லிருந்து 300-க்கு வந்தால் 75 சதவீதம்தான். ஆடு தெளிந்தது போலத் தெரியும்; மிஞ்சிய கால்பங்கு முழுக்க மருந்தைத் தாங்கும் புழு.

தீபாவளிக்கோ ஹஜ்ஜுப் பெருநாளுக்கோ முனியாண்டி பூசைக்கோ விற்கப் போகும் கிடாவுக்கு மருந்து கொடுக்கும் முன் குப்பியில் உள்ள இறைச்சி விலக்கு நாளைப் பாருங்கள். இரட்டிப்பு அளவு கொடுத்தால் அந்த நாளும் நீளும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு, கொடுத்த தேதியை அந்தக் கிடாவின் காது எண்ணுக்கு நேரே எழுதி வையுங்கள்.